வாலுக்குள்

டக்கோட்டாவின் வாலுக்குள் நுழைய
ஆறு பேரில் என் உடம்புதான் தோதுப்பட்டது.
கிம்லியில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொட்டகைக்குள்ளும் பெரிய வித்தியாசமில்லை.
ஒரு காலத்தில் படைவீரர்களைச் சுமந்த வயிறு
இப்போது எங்கள் கோட்டுகளைச் சுமக்கிறது.

நான் உள்ளே, இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பேன்.
ஹால்டோர் வெளியே, காற்றுத் துப்பாக்கியால் ரிவெட் அடிப்பார்.
நடுவில் அரிசிமணிப் பருமன்கூட இல்லாத தகடு.
காதை மூடியிருப்பதால் தட்டித்தான் சொல்வேன்:
ஒன்று, சரி.
இரண்டு, இன்னும் கொஞ்சம்.
மூன்று, பிடுங்கிப் போடு.

தேநீர் மேசையில் அவர் இதுவரை கேட்டது
சர்க்கரை எத்தனை என்பது மட்டும்தான்.
போன வாரம் குளியலறைக் கதவை மகன் இரண்டு முறை தட்ட
‘இன்னும் அடி’ என்று கத்தியிருக்கிறேன்.

இது பறக்காது. எல்லோருக்கும் தெரியும்.
வலது எஞ்சினுக்குள் வெறும் இருட்டு,
அதற்குத் திரட்டிய பணம் கூரை ஒழுகலுக்குப் போய்விட்டது.
ஆனாலும் யார் கண்ணிலும் படாத இந்த மூலையில்
தலை கோணிய ஒரு ரிவெட்டை
அவரும் விடுவதில்லை, நானும் விடுவதில்லை.

இன்று நாற்பத்தோராவது ரிவெட்டுக்கு இரண்டு தட்டினேன்.
பதில் அடி இல்லை.
மறுபடி இரண்டு.
மின்சாரம் போயிருந்தது.
என் கை எனக்கே தெரியாத இருட்டில்
எண்பது வருஷத்துக்கு முன் யாரோ பூசிய
பச்சைப் பெயின்ட்டின் வாசனை.

அப்போது வெளியிலிருந்து, விரல் முட்டியால்,
மெதுவாக ஒன்று.

வெளியிலிருந்து தட்டுவது எங்கள் பாஷையில் கிடையாது.

கொஞ்சம் யோசித்தேன்.
இரும்பைக் கீழே வைத்துவிட்டு
நானும் வெறும் கையால்
ஒன்று.