நீர்மட்டம்

வால்ட்ராவுட் ஹின்ரிக்ஸ் வானொலிக்கு வந்தபோது
யாருக்கும் வேண்டாத வேலையைக் கொடுத்தார்கள்:
தினம் காலையில் எல்பே ஆற்றின் நீர்மட்டம் வாசிப்பது.
ட்ரெஸ்டன், நூற்று நாற்பத்திரண்டு, இரண்டு குறைவு.
பார்பி, நூற்றுப் பதினெட்டு, மாற்றமில்லை.
படகுக்காரனுக்கும் தூக்கம் வரும் என்று
ஹாம்பர்க் நிலையமே சிரித்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்
ஒலிமட்டத்தின் ஊசியைக் காவல் காத்தேன்.

அதற்கு முன் துறைமுகத்துப் பத்திரிகையில்
மீன்விலை எழுதியவள்.
கைப்பையைத் திறந்தால்
ஹெர்ரிங் வாசனைதான் முதலில் வெளியே வரும்.
பெண்குரலில் சொன்னால்
போர்ச்செய்தியை யாரும் நம்பமாட்டார்கள் என்றார் இயக்குநர்.
"அப்படியானால் போர் வேண்டாம்" என்றாள்.

பிறகு அந்தப் பிப்ரவரி.
கரை உடைந்து கடல் தெருவுக்குள் வந்த இரவு.
செய்தி வாசிப்பவரின் கார் எங்கோ மிதந்துகொண்டிருந்தது.
பதினோரு மணி நேரம் அவளே பேசினாள்.
எந்தத் தெருவில் மாடி ஏறுவது,
எந்தப் பாலத்தை நம்பக்கூடாது.
ஒரு முறை மட்டும் தண்ணீர் கேட்டாள்,
கேட்டுவிட்டு, ஒலிவாங்கியை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வியாழன் இரவு பத்தரை மணி அவளுடையதானது.
நீர்மட்டத்தை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.
எல்லைக்கு அப்பாலிருந்து கடிதங்கள் வந்தன,
அத்தை பெயரில், இல்லாத மாமன் முகவரியில்.
ஆறு அங்கிருந்து இங்கே வந்தது.
குரல் இங்கிருந்து அங்கே போனது.
இரண்டுக்கும் யாரும் முத்திரை குத்த முடியவில்லை.

ஒரு கடிதத்தில் கையெழுத்து 'எ' என்று மட்டும்:
"எங்கள் பள்ளிக்கூட மணி விரிசல் விட்டுவிட்டது.
மூன்று மனு எழுதினேன்.
இப்போது பிள்ளைகள் தண்டவாளத் துண்டைத் தட்டுகிறார்கள்,
பாடம் தொடங்குகிறதா ரயில் வருகிறதா தெரியவில்லை."

மணியை விட்டுவிடலாமே என்றேன் நான்.
"மணியை எடுத்துவிட்டால் இதில் என்ன மிச்சம்?"
அதுவும் சரிதான்.
சிவப்பு விளக்கைப் போட்டவன் நான்தான்.

விரிசல் விட்ட மணி
எத்தனை ஊரில் இருந்துவிடப்போகிறது?

எ-யிடமிருந்து பிறகு கடிதம் இல்லை.
விருதுகள் வந்தன. தொலைக்காட்சி கூப்பிட்டது,
முகத்தில் மாவு அப்பியது, மூன்று வருடத்தில் திரும்பி வந்தாள்.
"பார்க்கிறார்கள், கேட்பதில்லை" என்றாள்.

சுவர் விழுந்து நான்காம் ஆண்டு
கோப்பறையில் ஒரு பக்கம் காட்டினார்கள்.
ஒலிபரப்பிய தேதி, அவள் பெயர்,
மணி என்ற சொல்லுக்கு அடியில்
பென்சிலால் ஒரு கோடு, அளவுகோல் வைத்து.
எகார்ட் ஸீல்மான், ஆசிரியர்.
இரண்டு வருடம் ஏழு மாதம்.

பார்பிக்கு நான்தான் கார் ஓட்டினேன்.
வழி முழுக்க அவள் வாய் ஒத்திகை பார்த்தது.
கதவைத் திறந்தவர் உட்காரச் சொல்லவில்லை.
பிளம் பழக் கூடையைத் தரையிலிருந்து நகர்த்தினார்,
அதை அழைப்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சிறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் சேர்க்கவில்லையாம்.
ஆற்றங்கரையில் அளவுகோல் பார்க்கும் வேலை.
பதினாறு வருடம், விடியலில், லாந்தரோடு.
"நீங்கள் வாசித்த பார்பி என்னுடையது" என்றார்.

அவள் மன்னிப்பு என்று தொடங்கினாள்.
அவர் கையை உயர்த்தினார்.
"எழுபத்தேழு, மார்ச் ஒன்பது.
நூற்று இருபத்தொன்று என்று எழுதி அனுப்பினேன்.
இருநூற்றுப் பதினொன்று என்று வாசித்தீர்கள்.
படகுக்காரர்கள் என்னைத்தான் ஏசினார்கள்."

வேறெதுவும் அவர் பேசவில்லை.
திரும்பும்போது நாங்களும்.

அவளுடைய கடைசி ஒலிபரப்பில்
நன்றியுரைக்கு ஒதுக்கியது நான்கு நிமிடம்.
காகிதத்தை மடித்து வைத்தாள்.
"ஒரு திருத்தம்" என்றாள்.
"பார்பி, எழுபத்தேழு, மார்ச் ஒன்பது:
நூற்று இருபத்தொன்று.
தவறு என்னுடையது.
அது மட்டுமல்ல."

ஊசி என்ன செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள்,
முதல் தடவையாக நான் அதைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு தபாலட்டை.
பெயரில்லை, ஒற்றை எழுத்துகூட இல்லை.
பள்ளிக்கூடத்துச் சாய்வெழுத்தில் ஒரே சொல்:
கேட்டது.