கடந்த ஆறு மாதமாக

மனுவின் வலது மூலையில் இருக்கும் தேதியை
நான் அடிப்பதில்லை.
தொட்டால் சாம்பல் பூக்கும் ஒரு கட்டம் அது.
திங்கட்கிழமை காலை கோப்பைத் திறந்தால்
இப்போதுதான் எழுதியதுபோல் நிற்கும்.

அஞ்சலாட்சி, வயது 54,
க/பெ தேசிங்கு, தேவனாம்பட்டினம்.
டைப்படிக்க வாங்கியது ஒரே ஒரு முறை, நாற்பது ரூபாய்.
பிறகெல்லாம் பிரிண்ட்டுக்கு ஐந்து.
"தேதி மாத்துறதுக்குக் காசு கேக்காத வரைக்கும்
நீ நல்லவன்."

அந்த நல்ல பெயர் சும்மா வரவில்லை.
முதல் மாதம் கட்டம் நகரவே இல்லை.
போன வாரத் தேதியோடு போனவள்
கவுன்ட்டரில் திருப்பிவிடப்பட்டு வந்து நின்றாள்,
மஞ்சக்குப்பம் வெயிலை முந்தானையால் விசிறிக்கொண்டு.
மொத்தத்தையும் செலக்ட் செய்து எஃப் ஒன்பதை அழுத்தணும்,
அச்சடிக்கும் முன் புதுப்பி என்று எங்கோ ஒளிந்திருக்கும் இடத்தில்
டிக் போடணும் என்று
பாண்டிச்சேரி மச்சான் போனில் சொன்னான்.

அதே கட்டத்தை வாடகை ஒப்பந்தத்தில் செருகி
ஒருமுறை அடிவாங்கப் பார்த்தேன்.
செம்மண்டலம் வீட்டுக்காரர் போன வருஷ நகலைக் கேட்டார்.
குடித்தனக்காரர் இன்றைக்குத்தான் வந்ததாகச்
சொல்லிவிட்டது திரை.

அப்புறம் ஒரு மழைக்காலம். கரன்ட் போய்ப் போய் வந்ததில்
மதர்போர்டில் எட்டணா அகல பேட்டரி
செத்துக் கிடந்திருக்கிறது, கவனிக்கவில்லை.
அன்றைய மனு 01.01.2009 என்று போனது,
வாய்க்காலே வெட்டாத வருஷத்தில்
வாய்க்கால் அடைத்துக்கொண்டதாக.
அதற்கும் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள்.

இன்றைக்கு, பிரிண்டர் முனகி முடிக்கும்வரை
சும்மா படித்துப் பார்த்தேன்.
'கடந்த ஆறு மாதமாக
எங்கள் தெரு வாய்க்கால் தூர்ந்துபோய்
கழிவுநீர் சமையற்கட்டுக்குள் வருவதால்...'

ஆறு மாதம்.
இதை அடித்தபோது என் மகள் பால்வாடி.
இப்போது இரண்டாம் வகுப்பு,
மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நிற்கிறாள்.
தேதி மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
வாக்கியம் அதே இடத்தில்,
கணுக்கால் தண்ணீரில்.

என் தப்பு என்றுதான் பட்டது.
"மூணு வருஷமாகன்னு மாத்திடறேன்க்கா. காசு வேணாம்."

அவள் திரையைப் பார்க்கவில்லை.
ரசீதுகளைக் கோத்த ஊக்கைத் திருகிக்கொண்டிருந்தாள்.
நூற்றுக்கு மேல் இருக்கும்,
ஊக்கு வாய் மூட மாட்டேன் என்றது.

"வேணாம். மூணு வருஷம்னு போட்டா
பழகிப்போயிருக்கும்னு வெச்சிடுவான்.
ஆறு மாசமே இருக்கட்டும்.
வயசை மட்டும் ஏத்து.
அறுவது ஆனா அதுக்கு வேற மனு இருக்குல்ல?"

ஐம்பத்து நான்கை அழித்து
ஐம்பத்தேழு அடித்தேன், கையால்தான்.
எஃப் ஒன்பது. தேதி ஒருமுறை கண் சிமிட்டியது.

ஐந்து ரூபாயை மவுஸ் பக்கத்தில் வைத்துவிட்டு
சூடு ஆறாத தாளை ஊதிக்கொண்டே
ரோட்டைக் கடந்தாள்.