லோரியின் எடை கழித்து

தாளின் தலையில் எழுதியிருக்கிறது:
'ஏ கிளாரினெட்டுக்கு'.
என்னிடம் இருப்பது பி ஃப்ளாட்.
நடுப்பக்கத்தில் சி-யில் ஒன்று கேட்கிறது,
கடைசிப் பக்கத்தில் டி-யில்.
ஏதோ ஒரு குளிர்நாட்டில்
பெட்டி நிறையக் குழல் வைத்திருந்தவனுக்காக எழுதியது.
பகாவில், நாலு நம்பர் கடைக்கு மேலே
சீனர் சங்க மண்டபத்து மாடியில்,
வியாழன் இரவு எட்டரைக்கு
ஒற்றைக் குழலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
காற்றாடிக்குத் தாள் பறக்காமல்
இரண்டு துணிக் கிளிப்.

ஏ என்றால் அரைக்கட்டை இறக்கு.
சி என்றால் ஒரு கட்டை ஏற்று.
டி என்றால் இரண்டு.
கணக்கு இவ்வளவுதான்.
கண் ஒரு வீட்டைப் பார்க்கும்,
விரல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்,
கூச்சப்படாமல்.

எனக்கென்ன என்றுதான் நினைத்தேன்.
பகலெல்லாம் எடைப்பாலத்தில் இதே வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
திரை சொல்லும்: பதினேழு டன் நானூறு கிலோ.
பொய்யில்லை.
ஆனால் அது குலையின் எடையும் இல்லை.
கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பி வரும்: ஏழு டன் அறுநூறு.
கழி. மீதிக்குத்தான் காசு.
பார்த்ததை அப்படியே எழுதுகிற கிராணி
எங்கள் ஆலையில் ஒரு வாரம் தாங்கமாட்டாள்.

பக்கத்து நாற்காலி கார்ப்பரல் ஹஸ்னிசாம்.
இரவு ரோந்து முடித்து, ஸ்டேஷனில் உட்கார்ந்து
ஒவ்வொரு சுரத்தையும் பென்சிலால் மாற்றி எழுதிக்கொண்டு வருவார்.
தே ஓ கறை, அழித்த தடம், மேலே மறுபடி எழுத்து.
எனக்கு அது கௌரவக் குறைச்சல்.

போன வியாழன்
அறுபத்திரண்டாம் பாரில்
எறும்பு எழுத்தில் 'சி-க்கு மாறுக' என்று இருந்திருக்கிறது.
நான் ஏ-யிலேயே போனேன்.
பதினோரு பார்.
எல்லோருக்கும் ஒன்றரைக் கட்டை கீழே.

நாராசமாக இருந்திருக்க வேண்டும்.
இரண்டு இடத்தில் இருந்தது.
மற்ற இடமெல்லாம் ஹஸ்னிசாமின் குரலுக்கு அடியில்
என் குரல், மழைக்குக் குடைக்குள் வந்தவள்போல்
ஒட்டிக்கொண்டு நடந்தது.
வயலின்காரி புவனலோஜினி திரும்பிப் பார்த்து
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

லியோங் கையை நிறுத்தினான்.
மருந்துக்கடைக்காரன்; சீட்டு படித்துப் பழகிய கண்.
பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினான்.
"இங்கே இல்லையே," என்றான் கடைசியில்,
கோபமில்லாமல், இருப்பில் இல்லாத மாத்திரையைச் சொல்வதுபோல்.
"அறுபத்திரண்டிலிருந்து."

இரண்டாம் முறை சரியாக வாசித்தேன்.
இரண்டு கிளாரினெட்டும் ஒரே கோட்டில்.
சரி.
கொஞ்சம் மெலிந்த சரி.

ஹஸ்னிசாம் ஒன்றும் பேசாமல்
பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார்.
ஒரே ஒரு சொல் எழுதினேன், தமிழில், பெரிதாக:
மாறு.

வெள்ளிக்கிழமை முதல் லோரி காத்தமுத்துவுடையது.
"என்னக்கா, காலையிலேயே பாட்டு?"
சீட்டை அச்சடித்து நீட்டினேன்.
அந்தப் பதினோரு பார்தான், தப்பான வரி.
சரியானது
இன்னும் வாயில் ஏறவில்லை.