எழுந்ததாகக் குறிப்பு

அவள் எறிவாள், நான் கட்டுவேன்.
பத்தொன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு.
தொடைக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று,
பழைய லாடா கார்களில் அறுத்தெடுத்த பட்டைகள்.
"இன்னும்" என்பாள் நாத்தெலா.
இறுக்குவேன்.
"இன்னும்."
வலித்தால் சொல் என்றேன் ஒரே ஒருமுறை.
சிரித்துவிட்டாள்.
வலி போய்ச் சேராத தொலைவில் இருந்தன அந்தக் கால்கள்.

ருஸ்தாவி உருக்காலையில் அவள் கிரேன் ஓட்டினாள்.
கீழே நின்று கொடி காட்டியவன் நான்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஆலையின் தண்ணீர்க் குழாய்களை வெட்டி
எறியும் நாற்காலியைக் குராம் பற்றவைத்துத் தந்தான்.
முதல் குண்டு கழிவிரும்பில் கடைந்தது,
மூன்று கிலோ என்று நம்பினோம்.
திபிலிசியில் நிறுத்தால் மூன்றரை!
இரண்டு குளிர்காலம் அரைக் கிலோ கூடுதலாக
எறிந்திருக்கிறாள்,
மூடிய ஆலையின் முற்றத்தில்,
பனியில் விழுந்த குழிக்குள் கைவிட்டு
நான் எடுத்து வர எடுத்து வர.
சரியான குண்டைக் கையில் வாங்கியதும் கேட்டாள்:
"என்ன இது, ஆப்பிளா?"

வார்சாவில் ஐந்து எண்பது.
துனிஸில் ஆறு இருபது, ஒரு வெண்கலம்.
ஆறு இருபது என்றால்
எங்கள் கட்டடத்து லிப்ட்டிலிருந்து அவள் கதவு வரை.
காசு போட்டால் ஓடும் லிப்ட்,
காசு போட்டாலும் ஓடாத மாதங்கள் உண்டு.
அப்போது ஆறு மாடியும் என் முதுகில் வருவாள்
கழுத்தில் பதக்கம் மோத மோத,
என் மூச்சிரைப்பைக் கேலி செய்துகொண்டு.

பிறகு மருத்துவர்கள் ஊசியால் குத்திப் பார்த்தார்கள்.
முதுகைத் தள்ளினார்கள், சாய்கிறாளா என்று.
சாயவில்லை.
இடுப்பில் கொஞ்சம் உயிர் இருக்கிறதாம்.
வேறு வீடாக இருந்தால் ஒயின் திறந்திருப்பார்கள்.
ஐம்பத்து நான்காம் பிரிவிலிருந்து ஐம்பத்தைந்துக்கு மாற்றினார்கள்.
அங்கே எல்லோருக்கும் இடுப்பு இருந்தது.
ஏழாவது. ஒன்பதாவது.
பதினொன்றாவது வந்த ஊரின் பெயரை மறந்துவிட்டோம்.

கௌனாஸில் மழை.
இதுதான் கடைசி என்று விமானத்திலேயே சொல்லியிருந்தாள்.
கட்டினேன்.
"இன்னும்" என்று அன்று அவள் சொல்லவில்லை.
நிமிர்ந்து பார்த்தேன், போ என்று தலையசைத்தாள்.

ஆறாவது எறிதல்.
இடக்கை கம்பியை இழுத்த இழுப்பில் நாற்காலி முனகியது.
குண்டு போனது,
போனது,
அவள் எப்போதும் எட்டாத புல்லில் விழுந்தது.

சிவப்புக் கொடி.

கண்ணாடி நனைந்த ஓர் இளைஞன், நடுவர்.
முறையீடு செய்ய ஓடினேன், கட்டணக் காசை உருவிக்கொண்டு.
என் சட்டையைப் பிடித்தாள்.
"என்ன தப்பு என்று கேள்."
"இருக்கையை விட்டு எழுந்தார்."
"எவ்வளவு?"
இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினான்,
லிப்ட் காசு ஒன்று நுழையும் இடைவெளி.

"காசை உள்ளே வை" என்றாள்.
"அவன் சொன்னதை எழுதி,
கையெழுத்தோடு வாங்கி வா."

குண்டை எடுக்கப் போனேன்.
யாரும் அளக்காத குழியில் மழை நிரம்பிக்கொண்டிருந்தது.
காலடியால் அளந்தேன்.
எண்ணை அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.