கடல்மட்டம்

கோயம்பேட்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்
சூளகிரி தாண்டும்போதே உப்ப ஆரம்பித்ததாம்.
ஜபீன் அதை என் மேசைமேல் வைத்தபோது
மழைக்கு முந்தின தவளை மாதிரி இருந்தது.
"வெடிச்சிரும் போல சார்."
சிரித்தேன்.
பாதியில் நின்றது சிரிப்பு.

ஐப்பசியில் காற்றழுத்தமானி கைதவறி விழுந்தது.
புதியது வருவதற்குள்
கோபால்ட் மூலம் வந்துவிட்டது.
வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.
கைப்பேசியின் வானிலையைப் பார்த்து எழுதினேன்:
ஆயிரத்துப் பன்னிரண்டு.
நல்ல எண். உறுத்தாத எண்.
எந்த ஊர்க் காற்று இது என்று
நான் கேட்கவில்லை.

எல்லா ஊரையும் கடற்கரைக்கு இறக்கிவைத்துத்தான்
வானிலை சொல்வார்கள்.
ஓசூரோ மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் கீழே,
காற்று இளைத்த இடம்.
விரல்நுனி அளவு அயனி அறைக்குள்
காற்று குறைந்தால் கதிரும் குறைவாய்த் தெரியும்.
குறைவென்றே நம்பி
ஒவ்வொருவருக்கும் நொடிகளைக் கூட்டினேன்.

விற்றவர்கள் தந்த சான்றிதழில்
எண் வேறாகத்தான் இருந்தது.
விற்கிறவன் கூட்டித்தானே சொல்வான் என்று
கோப்பை மூடினேன்.

கதவு பூட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது.
எல்லாம் சரியாக வேலை செய்தன
ஆறு நாள்.
பிழையும் பிசகாமல் வேலை செய்தது.

அன்று காலை முதல் ஆளை மேசையிலிருந்து இறக்கினோம்.
பாலிடெக்னிக்கில் இரவல் வாங்கிய மானி
தொள்ளாயிரத்துப் பதின்மூன்று என்றது.
தட்டிப் பார்த்தேன்.
தொள்ளாயிரத்துப் பதின்மூன்றுதான்.

நாலு பேர். நாலு பேருக்கும்
டாக்டரும் நானும் போன் செய்தோம்.
மூன்று பேர் "சரிங்க" என்றார்கள்,
அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.
ராயக்கோட்டை தக்காளி மண்டி திம்மராயப்பா மட்டும்
கணக்குப் போட்டார்.
"பத்துல ஒண்ணு அதிகமா?"
"கொஞ்சம் கூடவே."
"இருபத்தஞ்சு கிலோ பெட்டிக்கு ரெண்டரை கிலோ.
எங்க மண்டியில இதுக்கு அடிதடியே ஆகும்."
இருமினார். பிறகு,
"எங்க தராசுக்கு கவர்மெண்டுல வந்து முத்திரை போடுறாங்க.
உங்க மிஷினை அளக்கிறது யாரு?"
"நான்."
"அளந்ததைப் பாக்கிறது?"
"நான்தான்."
சொல்லும்போதே கேட்டது எனக்கு.
மானி விழுந்தது ஐப்பசியில்.
பிழை அதற்கு முன்பே அந்த அறையில் இருந்தது,
என் நாற்காலியில்.

கூடியதை மீதி இருபத்துநாலு நாளில்
கழித்துக்கொள்ள முடிந்தது,
ஆறாவது நாள் என்பதால்.
இருபதாவது நாளாக இருந்திருந்தால்,
என்று அறிக்கையில் ஒரு வாக்கியம் தொடங்கினேன்.
அது இன்னும் அப்படியே இருக்கிறது.
அடித்துவிடச் சொன்னார்கள். அடிக்கவில்லை.

இப்போது ஜபீன் முதலில் அளந்து
எண்ணைக் காட்டாமல் தாளை மடிக்கிறாள்.
அப்புறம் நான்.
ஒத்துப்போகாத நாளில் யாரும் கோபப்படுவதில்லை,
வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு டீ சொல்லிவிட்டு
மறுபடி அளக்கிறோம்.

அந்த சிப்ஸை அன்று மதியமே
அவள் தின்றுவிட்டாள்.
சாட்சியைத் தின்னலாமா என்றேன்.
"நமத்துப் போயிரும் சார்."