மூச்சு வாங்கும் பெட்டி

வியாழக்கிழமைச் சந்தையில்
பழைய டயர்களுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் நடுவே
பிளாஸ்டிக் விரிப்பில் கிடந்தது,
இரண்டு ரொட்டியை அடுக்கிவைத்த அளவில்.
"லா பாஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்தது,
ஓய்வு கொடுத்துவிட்டார்கள்" என்றான் ரெமிஹியோ,
ஏதோ ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல.
நானூறு கேட்டான். முந்நூற்று இருபதில் முடிந்தது.
அடாப்டரைத் தனிப் பையில் போட்டுத் தந்தான்.
அது பெட்டியைவிடக் கனம்.
குழந்தை சின்னது, தொப்புள்கொடி பெரிது.

எல் ஆல்டோவில் கேபிள் கார் நிலையத்துக்குக் கீழே என் கடை.
ஜெராக்ஸ், மனு, தேர்வு முடிவு.
முன்பிருந்த கறுப்பு டவர்
மேசைக்கடியில் என் கால்களுக்கு இடம் விட்டதில்லை.
மாதக் கடைசியில் மின்கட்டணமாக வந்து கையைக் கடிக்கும்.
இதைத் திரையின் முதுகில் நான்கு திருகாணியில் மாட்டினேன்.
"கம்ப்யூட்டர் எங்கே?" என்று
இன்றைக்கும் யாராவது மேசைக்கடியில் குனிகிறார்கள்.
ஒரு பல்பு தின்பதைத்தான் தின்கிறது.
சத்தமில்லை. என் தையல் மெஷின் வந்தாயிற்று
கால்கள் மீட்ட இடத்தில்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் பொய்.
நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள்:
நாலு ஜிபியோடு பிறந்தது, நாலு ஜிபியோடுதான் போகும்.
ஆறாவது பக்கத்தைத் திறந்தால்
முதல் பக்கம் மறந்துபோகிறது.
யுஎஸ்பி துளைகள் மூன்று.
கீபோர்டு, மௌஸ், பிரிண்டர் போக மிச்சம் பூஜ்யம்.
யாராவது பென் டிரைவ் நீட்டினால்
மௌஸைப் பிடுங்கிவிட்டு
டேப் விசையைத் தட்டித் தட்டித் தடவிப் போகிறேன்,
இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவளாக.

அப்புறம் இந்தக் காற்று.
கடலோர ஊரில் எவனோ கணக்குப் போட்டு வைத்த விசிறி.
நாலாயிரத்து நூறு மீட்டரில்
அது அள்ளுவதற்கு இருப்பது
பாதிக்குக் கொஞ்சம் மேல்.
மதியம் மூன்று மணிக்கு,
சமவெளியிலிருந்து முதல்முறை வந்த என் கொழுந்தன்போல,
பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறது.
நான் திட்டுவதில்லை.
இங்கே யாரும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை.

ஜூலையில் ஒரு சாயங்காலம் தாமியானா வந்தாள்,
கட்டட வரைபடக்காரி.
அவளுடைய பெரிய மெஷினை மின்னழுத்தம் எரித்துவிட்டது.
காலை எட்டுக்குப் படம் வேண்டும்:
நாலு மாடி, பச்சையும் ஆரஞ்சும் பூசிய முகப்பு,
விருந்து மண்டபம், ஏழு சரவிளக்கு.
"இதிலா?" என்று பெட்டியைப் பார்த்தாள்.
அது மூன்று விளக்கில் மூச்சுத் திணறியது.
நாலை அழித்தோம்.
விரலுக்கேற்ற வீக்கம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜன்னலைத் திறந்துவைத்தோம்.
வெளியே மைனஸ் ஆறு.
திருகாணிகளைக் கழற்றி, பெட்டியைச் சன்னல் விளிம்பில்
வைனா போட்டோசி மலையைப் பார்க்க வைத்தேன்.
இரண்டு போர்வைக்குள் இரண்டு பெண்கள்,
ஒரு பிளாஸ்க் சோள ஆபி.
பகலில் மூச்சு வாங்கியது
அந்தக் குளிரில் ஒரு தடவைகூட உட்காரவில்லை.
மணல்மணலாக வந்தது கட்டடம்.
இரண்டு மணிக்குச் சுவர் தெரிந்தது, நாலரைக்குப் படிக்கட்டு.
நாங்கள்தான் பல் கிட்டி உட்கார்ந்திருந்தோம்.

ஏழேகாலுக்கு நிறுத்த வேண்டியதாயிற்று.
மேல்மாடிக் கண்ணாடியெல்லாம் இன்னும் புள்ளிபுள்ளி.
இன்னும் ஐந்து மணிநேரம் கேட்டது பெட்டி.
எங்களிடம் ஐந்து மணிநேரம் இல்லை.

மத்தியானம் போன் செய்தாள்.
வீட்டுக்காரர் படத்தைக் கையில் பிடித்து
வெகுநேரம் பார்த்தாராம்.
"ஜன்னலில் உறைபனி பிடித்திருப்பதைக்கூட வரைந்திருக்கிறாயே,
நம்ம ஊர்ப் பெண்" என்றாராம்.
விளக்குகளை எண்ணவே இல்லையாம்.

நான் அப்போது ஒருவரின் பிறப்புச் சான்றிதழுக்காக
மௌஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
மணி மூன்று.
பெட்டி படியில் உட்கார்ந்திருந்தது.
"கொஞ்சம் பொறுங்கள், ஏறி வரும்" என்றேன்.
அவரும் மூச்சு வாங்கியபடி
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.