மணியோசை பின்னே

மார்ச் மாதம். பியூட் நகரில் இன்னும் பனி.
கராஜில் பழைய போர்வைமேல்
மூன்று சைலன்ஸர்கள் கிடக்கின்றன,
ஆற்றிலிருந்து தூக்கிவந்த மீன்கள் போல.
எம்மெட் முழந்தாளிட்டு
ஒவ்வொன்றையும் விரல்கணுவால் தட்டிப் பார்க்கிறான்.
தர்பூசணி வாங்கும்போதும் இப்படித்தான்.
நல்ல பழம் ஒருநாளும் வாங்கியதில்லை.

முதலாவது கறுப்பு.
இரண்டு குழாய் ஒன்றாய்ச் சேர்வது.
"மேடேறும்போது கியரைத் தொடவே வேண்டாம்" என்கிறான்.
இரண்டாவது க்ரோம், நுனி சாய்த்து வெட்டியது,
உள்ளே தடுப்பு என்று பெயருக்கு ஒன்று.
மூன்றாவதைப் பக்கத்துத் தெரு வைனோ சும்மா தந்தான்;
அதற்குள் ஒரு குளவிக்கூடு இருந்தது.

மாற்றி மாற்றிப் பூட்டி முடுக்குகிறான்.
நான் சமையலறையில்.
எனக்கு டெசிபல் தெரியாது,
அலமாரிக் கோப்பைகளைத் தெரியும்.
கறுப்புக்கு ஒன்றும் அசையவில்லை. அடிவயிற்றில் மட்டும்
தூங்கும் நாய் கனவில் உறுமுவதுபோல் ஏதோ.
க்ரோமுக்கு நீலக் கோப்பை
இரண்டு விரற்கடை நகர்ந்து விளிம்புக்கு வந்தது,
எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது,
தெருவில் நின்ற யாருடைய காரோ
தானாக அலறத் தொடங்கிற்று.
வைனோவுடையது இருமியது. துரு துப்பியது.

"க்ரோம்தான்" என்றான்.
எடை ஒன்பது பவுண்டு குறையும் என்றான்.
இந்த வாரம் தள்ளுபடி என்றான்.
வண்டி என்றால் வண்டி மாதிரிக் கேட்க வேண்டாமா என்றான்.
மூன்று காரணம் சொல்கிறவன்
நாலாவதை விழுங்குகிறான்.

அக்டோபரில் அவன் தோல்சட்டையைத் துடைத்தவள் நான்.
இடது தோளில் சரளைக் கீறல்,
முழங்கை மடிப்பில் பைன் பட்டைத் துகள்.
பெட்ரோல் பங்கில் சறுக்கிவிட்டதாம்.
பெட்ரோல் பங்கில் ஏது பைன்?
மரம் ஏற்றிய லாரிதான் பட்டை உதிர்க்கும்.
சொல்வான் சொல்வான் என்று
ஐந்து மாதம் இருந்துவிட்டேன்.

ஈரக்கையோடு கராஜுக்குப் போனேன்.
"நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள்" என்றேன்.
"கண்ணாடி ஏற்றியிருக்கும். ஹீட்டர் இரையும்.
பின்னால் நாற்பது பிள்ளைகள், ஒருவன் கையில் ட்ரம்பெட்.
உன் மாதிரி ஆட்கள் என்னைத் தாண்டிப் போனபிறகுதான்
எனக்குக் கேட்கும்.
எதிரே வரும்போது ஒருநாளும் கேட்டதில்லை, எம்மெட்.
குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, பார்."

பார்த்தான்.
யானை வரும் முன்னே,
மணியோசை வரும் பின்னே.
கடந்துவிட்ட சாலையிடம்தான்
அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகும்.

ஸ்பேனரைக் கீழே வைத்தான். எடுத்தான். வைத்தான்.
"அவன் என்னைப் பார்க்கவே இல்லை, டானிட்சா.
சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.
தக்காளி மடியில் விழாமல் குனிந்தான்.
அவ்வளவு பக்கத்தில், தக்காளி தெரிந்தது எனக்கு."

போர்வை நுனியை மடித்து
க்ரோமை மூடினேன்.

கறுப்பைப் பூட்டினோம். நான் டார்ச் பிடித்தேன்.
ஒரு நட்டு ஃப்ரீசருக்கு அடியில் உருண்டு
அரைமணி நேரம் தின்றது.
மிச்சப் பணத்தில் ஒரு ஹார்ன்:
சங்கு வடிவம், பார்க்க அசிங்கம்,
முன்பக்கம் பார்த்த வாய்.
சிறு படகுகளுக்கும் ஏற்றது என்று
பெட்டியில் போட்டிருந்தது.

ஏப்ரல் கடைசியில் சாலை காய்ந்தது.
பின்னால் உட்கார்ந்தேன். கறுப்புக் குழாய்
என் தொடையெலும்போடு தணிந்த குரலில்
ஏதோ பேசிக்கொண்டே வந்தது.
அந்த வளைவு எது என்று நான் கேட்கவில்லை.
வேகம் குறைந்தபோது தெரிந்தது.

லாரி இல்லை. ஒருவரும் இல்லை.
எம்மெட் ஹார்னை அமுக்கினான்,
நீளமாக.
வேலிக்கு அப்பால் ஒரு மாடு
மெல்லுவதை நிறுத்தி எங்களைப் பார்த்தது.

இன்னொரு முறை அமுக்கினான்.